வெண்கலப் பெண்ணின் இடது கை

பூங்கா அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான், நடந்த தவற்றில் எனக்கிருந்த பங்கை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் வெண்கலப் பெண் சிலை எங்கள் பூங்காவுக்கு வந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. அதைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுத் துப்புரவுப் பிரிவுக்கு நான்தான் குறிப்பு அனுப்பினேன். பளபளப்பை யாரும் கேட்கவில்லை; வாக்கியம் மொட்டையாகத் தெரிந்ததால் நானாகச் சேர்த்தேன்.

துப்புரவு அக்கா வேலையில் குறை வைக்காதவர். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பவுடரை வீட்டிலிருந்து கொண்டுவந்து, காலை முழுவதும் தேய்த்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது, கரும்பச்சைச் சிலையின் இடது கை மட்டும் தோள் முதல் விரல் வரை மஞ்சளாக மின்னியது.

"பாத்தியாம்மா, எவ்வளவு அழுக்கு! புதுசுன்னு சொல்லி நம்ம தலையில கட்டிட்டாங்க."

அது அழுக்கன்று. சிற்பி ரசாயனம் பூசி, நெருப்புக் காட்டி ஏற்றிய நிறம்.

அக்காவைப் பணி நிரந்தரமாக்கும் கோப்பு அந்த வாரம்தான் மேலிடத்துக்குப் போகவிருந்தது. சேதி கேட்டுச் சிற்பியம்மா வந்து நின்றதும், "இவங்களை இன்னையோட நிறுத்திடறோம்மா," என்றார் பூங்காக் கண்காணிப்பாளர். அக்கா தலைகுனிந்து நின்றார். என்னுடைய குறிப்பு அவருடைய சீருடைப் பையில்தான் இருந்தது, எடுத்துக் காட்டவில்லை.

மேலதிகாரி பேசும்போது குறுக்கிட்டு எனக்குப் பழக்கமில்லை. இரண்டடி முன்னால் போனேன்.

"மன்னிக்கணும் சார்... பளபளப்பா வைக்கச் சொல்லி எழுதினது நான். அக்கா சொன்னதைத்தான் செஞ்சாங்க. நிறுத்தறதுன்னா..."

"நீயாம்மா? ஃபேன் போடறதுக்கே மூணு தடவை அனுமதி கேக்கற ஆளாச்சே நீ!"

சிற்பி குனிந்து சிலையின் விரலிடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நகத்தடியிலகூட விட்டுவைக்கலையே! சிலை முழுக்க நிறமேத்த ஆறு நாள் பாடுபட்டேன், ஒரே காலையில ஒரு கை நிறத்தை எடுத்துட்டீங்களே."

"எனக்கும் தோள்பட்டை கழண்டுபோச்சுங்க," என்றார் அக்கா.

சிற்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிறத்தை நான் ஏத்திக்கறேன் சார். அது போகாம இருக்க மாசாமாசம் மெழுகு தேய்க்க இந்த மாதிரி ஆள்தான் வேணும். இவங்களை நிறுத்தாதீங்க."

"அதையே எழுதிக் கொடுங்கம்மா. கோப்போட சேத்து அனுப்பறேன்," என்றார் கண்காணிப்பாளர்.

சிற்பி மறுபடி ரசாயனம் பூசி நெருப்புக் காட்ட, மாலைக்குள் கை மீண்டும் கறுத்தது. அக்கா என்னிடம் ஒரு துணியை நீட்டினார். "வாய் தொறந்துட்டே இல்ல, இனி வேலையும் பாரு. முதுகுப் பக்கம் உனக்கு."

வெண்கலம் வெதுவெதுப்பாக இருந்தது. புது நிறம் சற்று இளசாகத்தான் தெரிந்தது. மழையும் வெயிலும் பட்டால் மற்றதோடு சேர்ந்துவிடும் என்றார் சிற்பி. நான் மெழுகைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினேன்.