தெல்ஃபின்மேல் ஒரு புகார்ச் சீட்டு

1

இந்தக் கதையை ஒரு தகரப் பெட்டியிலிருந்து திருடினேன். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் எங்கள் இல்லத்துக்கு ஷாபு என்ற போதைப்பொருளின் பழக்கத்தை விட வருகிறவர்கள் ஆறு மாதம் தங்குவார்கள். யாராவது தப்புச் செய்வதைப் பார்த்தால் மற்றவர்கள் சீட்டெழுதிப் பெட்டியில் போடலாம். எழுதியவர் பெயர் வேண்டாம். காலைக் கூட்டத்தில் இல்லத்தின் பொறுப்பாளனான நான் வாசிப்பேன். மாட்டிக்கொண்டவர் எழுந்து நின்று 'நன்றி' மட்டும் சொல்ல வேண்டும்.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிய ஒரு காலையில் தெல்ஃபின் (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: படகு மெக்கானிக் தெல்ஃபின் வந்து நாற்பத்தொரு நாளாகியும் வாய் திறக்கவில்லை. வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் மனம்விட்டுப் பேசும்போது அவன் கூரையைப் பார்ப்பான். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'ஈடுபாடு இல்லை' என்று எழுதியவன் நான்தான்.

பாத்திரம் கழுவும்போது கூடத் தங்கியிருக்கும் ஒர்லிட்டோ சீண்டுவான். "வாயில என்ன கொழுக்கட்டையா? கருவாடு நல்லாருக்குன்னாவது சொல்லேம்பா."

(இப்படிப்பட்டவனைக் கதாநாயகனாக வைத்து எப்படிக் கதை எழுதுவது?)

3

நாற்பத்திரண்டாம் நாள் பெட்டியில் இருந்த சீட்டு:

"நேத்து புதன்கிழமை அரிசி லாரி வந்தப்ப பின்கேட் திறந்திருந்துச்சு. தெல்ஃபின் அங்க ரொம்ப நேரம் நின்னான். அடுத்த புதன்கிழமை அவன் பக்கத்துல யாராச்சும் நிக்கணும்."

தெல்ஃபின் எழுந்தான். "நன்றி" என்றான். குரல் கரகரத்தது.

"எவன்டா போட்டுக்குடுத்தது?" என்று ஒர்லிட்டோ கத்தினான். "இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கான்."

எனக்கு மட்டும் தெரியும். இல்லத்தில் சேர்ந்தபோது தெல்ஃபின் நிரப்பிய படிவத்தில் இருந்த அதே கையெழுத்து. தன்னையே 'அவன்' என்று எழுதுவது எங்களைப் போன்ற கதைக்காரர்களின் வேலை என்று நினைத்திருந்தேன்.

4

முடிவு ஒன்று: நான் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்கிறேன், அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறான். இது நடக்கவில்லை. கூப்பிட்டது மட்டும் உண்மை. "எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றேன்.

"வாசிச்சுட்டீங்கல்ல, அண்ணே. அது போதும்."

முடிவு இரண்டு: புதன்கிழமை அவன் ஓடிவிடுகிறான். இதை எழுதக் கை வரவில்லை.*

* எட்டு வருடத்துக்கு முன், நானும் இங்கே பழக்கத்தை விட வந்திருந்தபோது, அதே கேட் வழியாக ஓடியவன் நான். அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. நிற்கச் சொல்லி யாரையும் நான் கேட்கவும் இல்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

5

இன்று புதன். பின்கேட் திறந்திருப்பது இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. கடைசி மூட்டையை இறக்கிவிட்டுத் தெல்ஃபின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் இன்னொரு தடவை திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்க்கிறான். யாரையோ தேடுகிறான்.

நான் இங்கே உட்கார்ந்து மூன்றாவது முடிவு யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நான் கேட்டை எட்டுவதற்குள் அவன் தாண்டியிருப்பானா, இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை வைத்துவிட்டு நான் அவன் பக்கத்தில் போய்