பிரேக்கில் காற்று

கிறிஸ்துதாஸ் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார், ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் பின்பக்கம் தூக்கி நின்றது. அருள்செல்வி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். பின்சக்கரம் இருந்த இடத்தில் அவள் அப்பா ஆரோக்கியசாமி மல்லாந்து கிடந்தார்.

பட்டாளத்து லாரி பிரேக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரப்போகும் மாப்பிள்ளையின் காரை வெளியே மெக்கானிக்கிடம் விடுவதாவது என்று, புது பேடும் டிஸ்க்கும் தானே மாட்ட இறங்கிவிட்டார். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கை அவர் கண்டதில்லை. பேடை அழுத்தும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ளவேண்டும் என்று தெரியாமல் நெருக்கிப் பார்த்தார்; அசையவில்லை. ஆயில் குழாயைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் இருந்த பாகத்தை மேசைமேல் வைத்து மல்லுக்கட்டினார். திருகல் பிடிபடுவதற்குள் குழாயில் காற்று ஏறிவிட்டது.

இப்போது அந்தக் காற்றை எடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது. அவள் மிதித்துப் பிடிக்க, அவர் சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூடுவார். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

"நல்லா மிதிம்மா. இருட்டறதுக்குள்ள ரெண்டு பேரையும் சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு மொத ஓலை."

மூன்று ஞாயிறு கோயில் பூசையில் கல்யாண ஓலை என்று இருவர் பெயரையும் வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் வேண்டாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அவளுக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. படிப்பெல்லாம் போதும் என்று கிறிஸ்துதாஸ் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எதிர்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கால்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நொடி முன்னதாகவே தளர்த்தினாள்.

"சே, இன்னும் குமிழி வருதே!"

"இன்னா மாமா, கொரட்டூர் ஏரில முங்கி எயுந்தா கூட இம்மாங் குமிழி வராது!" என்று அருகே நின்று சிரித்த கிறிஸ்துதாஸ், கண்ணாடி வழியே உள்ளே குனிந்தான். அவன் பார்வை அவள் பாதத்தில் நின்றது. சிரிப்பு போயிற்று.

"எறங்கு அருளு. நான் மிதிக்கிறேன்."

அவன் மிதிக்கக் குமிழி நின்றது. சின்னத் திருகை மூடி, அப்பா சக்கரத்தைத் தூக்கி மாட்டினார். அவள் அவரருகே குந்தினாள்.

"அப்பா, ஓலை வேணாம்ப்பா. நான் படிக்கிறேன்."

நட்டைத் தேடிய கை அப்படியே நின்றது.

"மெதுவா பேசு. அவர் காதுல விழப்போகுது."

"வியுந்துச்சி மாமா," என்றான் கிறிஸ்துதாஸ், இருக்கையை விட்டு எழாமல். "நட்ட முடுக்குங்க. டைம் ஆவுது."

அப்பா முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"சம்மதமான்னு சாமியார் கேப்பார். தலைய ஆட்டு, போதும்."

அவள் ஏறினாள். கோயில் வாசலில், முட்டாமல் குலுங்காமல், வண்டி சொன்ன இடத்தில் நின்றது.