தோற்றால் சத்தமில்லாமல் வரும் லாரி

ஆனந்தவல்லி மில் ஐவர் கால்பந்து அணியைப் பற்றி ஒரு பேராசிரியர் புத்தகம் எழுதப் போகிறாராம். போன வாரம் போனில் கூப்பிட்டு, "அந்த டீம் எப்படிங்க ஐயா கலைஞ்சுது?" என்று கேட்டார். லாரி பாலத்தில் உரசியது, ஒருவனுக்குக் கால் போனது, அதோடு முடிந்தது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பச்சைப் பொய். ஐம்பத்து மூன்று வருடமாக இதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நாங்கள் மைதானத்தில் ஆடியவர்கள் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் பக்கத்தில் மைதானம் ஏது? கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் பண்ணையும் நெல் மில்லும் வைத்திருந்த பஞ்சநதம் ஐயாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. குறுவை நெல்லை அரைத்து முடித்தால் சம்பா வரும்வரை அவருடைய குடோன் காலி. சிமெண்டுத் தரை, தகரக் கூரை. சுற்றிலும் உமி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, பக்கத்துக்கு ஐந்து பேரை இறக்கிவிட்டார். பந்து மூட்டையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. மழையில் வேலையில்லாமல் கிடந்த சனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து குவிந்தது. கூரையில் மழை, உள்ளே விசில், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது.

எங்களுக்கு மாதச் சம்பளம். பந்து உதைக்கச் சம்பளமா என்று ஊரே வாயைப் பிளந்தது. மூன்று மாதம் பந்து, ஒன்பது மாதம் அதே மில்லில் மூட்டை. அறுபத்தேழில், ஆட்சி மாறிய வருடம், இது தொடங்கியது. அதுவரை கதர்த் துண்டு போட்டிருந்த பஞ்சநதம் ஐயா ஒரே வாரத்தில் கரைவேட்டிக்கு மாறினார். எங்களுக்கும் கறுப்பு சிவப்பில் பனியன் தைத்துக் கொடுத்தார். செங்கொடி விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் இராஜாங்கம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கறுப்பைக் கிழிச்சுட்டுப் போடு மருதையா, சரியா இருக்கும்" என்று கேலி செய்வார்.

எனக்கு எந்த நிறமானால் என்ன? பண்ணை வீட்டு வாசலில் செருப்போடு நிற்க முடியாத நான், அதே பண்ணையின் குடோனில் ஷூ போட்டுக்கொண்டு கோல் காக்கும் கோலியாக நின்றேன். முன்வரிசை நாற்காலியில் இருந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தச் சுகத்தை விடுவதற்கு மனசு வருமா? வரவில்லை. அதுதான் வினை.

கோல் போடுகிறவன் காதர் மைதீன், அதிராம்பட்டினத்துக்காரன். மில்லிலேயே தங்கியிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், இது பேச்சுக்குச் சொல்வதில்லை. வலது காலால் அவன் உதைத்தால் உமி மூட்டை வெடித்துத் தூசி கிளம்பும். எதிரணி கோலி கண்ணைக் கசக்குவதற்குள் இரண்டாவது கோல் விழுந்திருக்கும்.

வெளியூர் போய் ஜெயித்துத் திரும்பினால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊர் எல்லைக்கு வந்ததும் லாரியின் பக்கப் பலகையில் தாளம் போடுவோம். மூன்று அடி, ஒரு மூச்சு விட்டு, இன்னொரு அடி. கை பெரிசு என்பதால் நான்தான் தொடங்குவேன். தோற்றால் தாளம் கிடையாது. படுதாவை இழுத்து மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், திருடர்கள் மாதிரி வந்து சேருவோம். சத்தமில்லாமல் வண்டி வந்தால் ஊருக்கே புரிந்துவிடும்.

எழுபத்தொன்று தை மாதம். வெண்மணி நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, எங்கள் தெருவில் எல்லோருக்கும் நெஞ்சுக்குள் அந்த நெருப்பு. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு நாங்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டோம். பஞ்சநதம் ஐயாவின் வயலில் கதிர் தலை சாய்ந்து கிடந்தது. வெளியூர் ஆட்களை லாரியில், படுதா போட்டு மூடிக் கொண்டுவந்து அறுக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. இராஜாங்கம் என்னைக் கூப்பிட்டு, "சங்கத்து ஆளு அவரு சம்பளத்துல பந்து ஆடக்கூடாதுப்பா. வேலைநிறுத்தம் முடியட்டும்" என்றார்.

அந்த வாரம்தான் அதிராம்பட்டினத்தில், எங்கள் குடோன் மாதிரி ஒரு தேங்காய்க் கிட்டங்கியில், பருவத்தின் கடைசி ஆட்டம். காதரிடம் போய் நான் வரவில்லை என்றேன். அவன் யோசிக்கவே இல்லை.

"நீ இல்லாம நான் எங்கடா ஆடப் போறேன்? போடா."

அப்படிச் சொன்னவன் போய்விட்டான்! அவன் ஊர், அவன் சனம் காத்திருக்கிறது, போகாமல் என்ன செய்வான்? இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது. பஞ்சநதம் ஐயாவின் அக்காள் மகன் துரைராசுவுக்கு என் ஒன்றாம் நம்பர் பனியனைப் போட்டு கோலி நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் காதில் விழுந்தது. தோற்கட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலை வாய்க்கால் பாலத்தில் காவல் எனக்கு. பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. வெளியூர் ஆட்கள் வந்தால் அதை அடிக்க வேண்டும், தெருச் சனம் ஓடிவரும். ஏழு மணி இருக்கும், தூறல். மில் லாரி மெதுவாக வந்தது. படுதா இழுத்து மூடியிருந்தது. சத்தமே இல்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இரண்டும் தோன்றியது. வெளியூர் ஆட்களாக இருக்கலாம். நம் பயல்கள் தோற்று வருவதாகவும் இருக்கலாம். "டேய் காதரு!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு குரல். கொடுக்கவில்லை. நம் பயல்களானாலும் கொஞ்சம் நடுங்கட்டுமே என்றுதான் நினைத்தேன். சீ, அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை அடித்தேன். வெறி பிடித்தவன் மாதிரி அடித்தேன். சனம் கம்பும் கல்லுமாகப் பாய்ந்தது. அந்த நேரத்தில் படுதா விலகி, காதர் ஒரு காலை வெளியே போட்டான். பயந்து குதித்து ஓடப் பார்க்கிறான் என்று நினைத்தேன். கூட்டத்தைப் பார்த்த டிரைவர் ரெத்தினம் ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி பாலத்துக் கைப்பிடிச் சுவரோடு உரசிக்கொண்டு போனது. நடுவில் அவன் வலது கால்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். போலீஸ் கேட்டதற்கு, "நாந்தான் காலைத் தவறிப் போட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தெருவில் ஒருவன் மேலும் கேஸ் வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று நினைத்துக்கொண்டேன். அரை மரக்கால் கிடைத்தது, அறுப்பு நடந்தது, குடோனில் நெல் நிறைந்தது. அடுத்த ஐப்பசியில் குடோன் காலியானபோது பந்து என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

காதர் ஊருக்குப் போய்க் கடை வைத்தான். நல்லது கெட்டதுக்குப் போய்வருவேன். அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அவன் வாயெடுத்தால் நான் மழையைப் பற்றி, மேட்டூர்த் தண்ணீரைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவேன். புத்தகத்தில் பொய் அச்சாகப் போகிறது என்றதும்தான் எனக்கு உறைத்தது. அச்சாகும் முன் அவனிடம் சொல்லிவிட வேண்டும். நேற்று பஸ் ஏறினேன்.

கட்டைக்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவன் மனைவி நஃபீசா, "வாங்கண்ணே, அந்த வாத்தியாரு இவுகளுக்கும் போன் போட்டாரு. காலையிலேருந்து ஒங்க பேச்சுதான்" என்றாள்.

"கேளு நஃபீசா" என்று அவனே தொடங்கிவிட்டான். "அன்னைக்கு அஞ்சு கோல் வாங்கித் தோத்துட்டோம். அந்தத் துரைராசு பந்தைக் கண்டா கண்ணை மூடிக்கிறான். எல்லாப் பயலும் செத்த பொணமாட்டம் படுதாவுக்குள்ள கெடக்குறோம். பாலத்துக்கிட்ட வந்தா, டங் டங் டங்... டங்! நம்ம தாளம்! இவன் கை எனக்குத் தெரியாதா? தோத்து வந்தும் அடிச்சு அழைக்கிறான் பாருங்கடான்னு நான்தான் கத்துனேன். இவனைக் கட்டிக்கணும்னு எந்திரிச்சுக் காலை வெளியே போட்டேன். கால் போனா போவட்டும் நஃபீசா. அன்னைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டனே, அதை நெனைச்சுத்தான் இத்தனை வருசமும் ஓட்டுனேன்."

என் கை அந்தத் தாளத்தையா அடித்தது? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வேறு தாளம் என் கை பழகியதில்லை.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். வேறொருவன் அப்படித்தான் செய்திருப்பான். ஆனால் சொல்லத்தானே பஸ் ஏறினேன்?

"இல்லடா காதரு" என்றேன். "ஒங்களை அழைக்க அடிக்கல. ஒங்க மேல சனத்தை ஏவுறதுக்கு அடிச்சேன். நீங்களா இருக்கும்னு தோணுச்சு. தோணியும் அடிச்சேன்டா."

நஃபீசா டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். காதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரில் சாய்ந்திருந்த கட்டைக்காலைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, வழி கேட்பவன் மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நான் எதுக்குடா காலை வெளியே போட்டேன்?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நஃபீசாதான் சொன்னாள்.