டெல்மரின் முதல் அடி

ஆற்றில் விழுந்து செத்த மறுவாரம் டெல்மர் தன் கடைசிப் பாட்டை வாசித்து முடித்தான். அதற்கு முன் அவன் செய்த கடைசிச் சாதாரணக் காரியம், மனைவி எர்லீனின் சமையலறையில் நின்றபடியே பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுவிட்டு, விரல்களை அவள் ஏப்ரனில் துடைத்தது. அவள் திட்டி முடிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. பாலத்தில் பனி உறைந்திருந்தது.

எழுபதுகளில் அமெரிக்காவின் டேட்டன் நகரின் மேற்குப் பகுதியில், கார் ஆலையில் வேலை கிடைக்காதவனெல்லாம் ஃபங்க் இசைக்குழு வைத்திருந்தான். டெல்மர் பேஸ் கிட்டார்; அவன் பெரியம்மா மகன் ஹோரஸ் டிரம்ஸ். அந்த இசைக்குத் தாளத்தின் முதல் அடிதான் உயிர். எல்லாரும் அதில் சேர்ந்து விழவேண்டும். டெல்மர் எப்போதும் மயிரிழை பிந்தித்தான் விழுவான். "உன் பொணம்கூட சர்ச்சுக்கு லேட்டாத்தான்டா வரும்" என்பான் ஹோரஸ். சவவண்டி பனியில் சிக்கியதால் அப்படியே நடந்தது.

குழு பதிந்துகொண்டிருந்த இசைத்தட்டில் ஒரு பாட்டு பாக்கியிருந்தது. வேறு ஆள் வைக்க மனமில்லாமல், அவன் இடத்தைக் காலியாக விட்டே பதிந்தார்கள். ஒலிநாடாவைத் திரும்ப ஓடவிட்டபோது பேஸ் இருந்தது, மயிரிழை பிந்தி. செத்தவனை உறங்கவிட அதை அழித்துவிடச் சொன்னார் பாஸ்டர். முடிவு எர்லீனிடம் வந்தது.

"அழிச்சா போயிடுவானா?"

"தெரியல எர்லீன். அழிக்கலன்னா தூங்கவே மாட்டானாம்" என்றான் ஹோரஸ்.

"உசுரோட இருந்தப்ப மட்டும் வேளையோட தூங்கினானாக்கும். இருக்கட்டும் விடு."

அந்த வசந்தத்தில் இசைத்தட்டு வெளிவந்து ஊரையே ஆட்டியது. அது எங்கே சுழன்றாலும் எர்லீனின் சமையலறைத் தரை முதல் அடிக்கு அதிர்ந்தது. அதிர்ந்த பலகையில் ஆற்றுநீர் கசிந்தது. கோப்பைகளை அலமாரியின் உட்பக்கம் தள்ளிவைத்தாள். அவளை மணக்கக் கேட்டு வந்த ஒருவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுத் தொப்பியோடு போனான். பாட்டு டெட்ராய்ட் போயிற்று, கடல் தாண்டிற்று. ஆலைகள் மூடின, குழு கலைந்தது, தரை நிற்கவில்லை. பின்னால் வந்த பிள்ளைகள் அந்த பேஸை வெட்டியெடுத்துத் தங்கள் ராப் பாட்டுகளுக்கு அடியில் வைத்தபோது, ஒரே கால் பல இடங்களில் நடப்பதுபோல் இரவும் பகலும் அதிர்ந்தது. எர்லீன் துடைத்துக்கொண்டே இருந்தாள். சில சமயம் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்து, களைத்துவிட்டானா என்று கேட்பாள். பதிலாக அடுத்த அடி விழும்.

ஒரு ஞாயிறு மதியம், தலை நரைத்த ஹோரஸ் அப்படியொரு புதுப் பாட்டைக் கொண்டுவந்து போட்டான். பிள்ளைகள் இயந்திரத்தால் டெல்மரின் பிசகைத் திருத்தியிருந்தார்கள். எர்லீன் மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். ஒலிபெருக்கியில் டெல்மர் சரியாக விழுந்தான். தரையில் மயிரிழை பிந்தி விழுந்தான்.