கதவுக்கு முட்டுக் கொடுத்த பெட்டி

ஸ்டுடியோக் கதவு கனமான கதவு. உள்ளே எழும் சத்தம் தெருவுக்குப் போகக்கூடாது என்று பஞ்சும் ரப்பரும் வைத்து அடைத்தது. கையை எடுத்தால் தானாகவே போய் மூடிக்கொள்ளும். சாமான் ஏற்றி இறக்கும்போது அது மூடாமல் இருக்க, அடியில் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டியைச் செருகி வைப்பது அண்ணனின் வழக்கம். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டிக்கு அதுதான் உத்தியோகம்.

அண்ணன் என்பது வீட்டு முறை. வெளியில் அவரை ரெக்கார்டிங் சார் என்பார்கள். பாட்டு, விளம்பரம், பள்ளி ஆண்டுவிழா நாடகம் என்று எது வந்தாலும் பதிவு செய்து கொடுப்பார். கூடவே கிடாரும் நன்றாக வாசிப்பார். 'நன்றாக' என்பது மற்றவர்கள் சொல்வது. அவரைக் கேட்டால் அடக்கமாகச் சிரித்துவிட்டு, ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, அதில் நடுவில் வரும் கிடார் யாருடையது தெரியுமா என்பார். அடக்கம் அவ்வளவுதான் தாங்கும்.

அந்தப் பெட்டி ஒரு டிஸ்டார்ஷன் பெடல். கிடார்காரர்கள் காலடியில் வைத்து மிதிப்பது. மிதித்தால் கிடாரின் சுத்தமான ஒலி கரகரத்து உறுமத் தொடங்கும். மூன்று குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, உள்ளே ஒரு சதுர பேட்டரி. கிடார் வாங்கினவன் அடுத்து வாங்குவது பெரும்பாலும் இப்படி ஒன்றைத்தான். அதனாலேயே, நாலு பாட்டு வாசிக்கத் தெரிந்ததும் அவன் முதலில் கேலி செய்வதும் இதைத்தான். அண்ணனுக்கு இந்தக் கேலி வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். புதிதாக யாராவது இதே போலொன்றைப் பையிலிருந்து எடுத்தால், "அதை உள்ளே வைங்க, என்கிட்ட ஒண்ணு கதவுக்கு வச்சிருக்கேன்" என்று காட்டுவார். வந்தவரின் முகத்தில் ஈயாடாது. அண்ணன் அன்றைய வேலையை உற்சாகமாகத் தொடங்குவார்.

அது தம்பியின் பெடல் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு விளம்பரப் பாட்டுக்குக் கிடார் வாசிக்க அன்றைக்கு வந்தவர் ஒரு பல் டாக்டர். வாரத்தில் நாலு நாள் பல் பிடுங்குவார், மிச்ச நாளில் கிடார். இழைத்த பலகை ஒன்றில் ஆறு பெடல்களை வரிசையாகப் பதித்துக் கொண்டுவந்திருந்தார். ஆறும் கையால் செய்தவை. ஒவ்வொன்றையும் யார் செய்தார், உள்ளே இருக்கும் சில்லு எந்தக் காலத்தது என்று அரைமணி நேரம் விளக்கினார். அண்ணனும் சப்புக்கொட்டிக்கொண்டு கேட்டார். பிறகு டாக்டர் பிளக்கைச் சொருகினார். பலகைக்கு அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. ஆறு பெடல்களும் ஒரே நேரத்தில் அடங்கிப்போயின.

டாக்டர் மறுநாள் வெளியூர் போகிறார், திரும்பப் பத்து நாளாகும். விளம்பரக் கம்பெனிக்கோ அன்று மாலைக்குள் பாட்டு போய்ச்சேர வேண்டும். டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குனிந்தார்.

இது வேலை செய்யுமா என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். வேலை செய்யும், ஆனால் கேட்கிற மாதிரி இருக்காது என்றார். ஸ்டுடியோவில் வேறு பெடலும் இல்லை, வழியும் இல்லை. மூடியைத் திறந்தால் பழைய பேட்டரி பூத்துப்போய் உப்புப் படிந்திருந்தது. சுரண்டித் துடைத்துப் புதியதைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வயர் கிடாருக்கு, இன்னொரு வயர் மூலையில் இருந்த பெரிய ஆம்புக்கு. அந்த ஆம்ப் அண்ணனின் செல்லம். கிடாரின் ஒலியைப் பெருக்கித் தன் ஸ்பீக்கர் வழியே தள்ளும் மரப்பெட்டி. டாக்டர் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

அண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொரசொரப்பாக இருந்தது, ஆனால் காதைக் கீறவில்லை. தட்டிய தந்திகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்டன. கொஞ்சம் முரட்டுத்தனம், கொஞ்சம் அழுகை. நன்றாகப் பாடுகிறவர் தொண்டை கட்டிய நாளில் பாடுவது போல. ஆறு கைவேலைப் பெடல்களும் சேர்ந்து எதைச் செய்ய முக்குகின்றனவோ அதை இந்தக் கதவு முட்டு போகிற போக்கில் செய்துவிட்டது. டாக்டர் குமிழ்களை இப்படியும் அப்படியும் திருகி வாயெல்லாம் பல்லாக நின்றார். இதையா சார் கதவுக்கு வச்சிருக்கீங்க என்று கேட்டார்.

டாக்டர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியதும் அண்ணன் பழைய பதிவுகள் இருந்த பெட்டியைத் தேடி எடுத்தார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் இதே அறையில்தான், அண்ணன் பெயர் சொல்லிக் காட்டும் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். நாலு பேர் குழு. டிரம்ஸுக்கு ஒருவன், பேஸ் கிடாருக்கு ஒருவன், அண்ணன், தம்பி. நடுவில் கிடார் தனியாக முன்னுக்கு வரும் நாற்பது நொடி சோலோ. அதைத் தம்பி வாசிப்பதாகத்தான் பேச்சு. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சேர்த்து வைத்து வாங்கிய ஆரஞ்சுப் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். பதிவுக்குப் பொறுப்பு அண்ணன். பெடலிலிருந்து வயரை நேராக, ஒலிகளைக் கலந்து பதியும் மிக்ஸரில் சொருகச் சொன்னார். தம்பி வாசித்தான். ஸ்பீக்கரில் வந்தது கொசு இரைச்சல்.

"மூடி வைடா உன் பெட்டிய. கொசுதான் பறக்குது," என்றார் அண்ணன். மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாராவது வாசித்தாக வேண்டுமே, அண்ணன் வாசித்தார். பாட்டு ஓடியது. அந்த நாற்பது நொடியை ஊரே வாயால் வாசித்துக் காட்டியது. தம்பி அன்று பெட்டியை எடுக்காமலேயே போனான். பிறகு கிடாரையும் எடுக்கவில்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். நல்லது கெட்டதுக்கு வருவான், அண்ணியிடம் நலம் விசாரிப்பான், அண்ணன் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பான். அண்ணனிடம் மட்டும் 'வாங்க, நல்லா இருக்கீங்களா' என்று வாசல் வரை வந்து நிற்கிற மரியாதை. சின்ன வயதில் தலையணையால் அடித்துக்கொண்டவர்களுக்கு நடுவில் இந்த 'வாங்க' எங்கிருந்து வந்தது என்று அண்ணன் மருகாத வருடம் இல்லை. அம்மா போன பிறகு அது இன்னும் உறைத்தது. அவருக்கு அந்தப் பழைய தம்பி வேண்டும். வேறு எது கிடைத்தும் அந்த இடம் நிரம்பவில்லை.

பழைய பதிவில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிராக். அதில் ஒன்றுக்கு அவரே பெயர் வைத்திருந்தார்: தம்பி, வேண்டாம். அழிக்காமல் எதற்கு வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. அதைக் கணினியில் ஓடவிட்டு, ஒரு வயர் இழுத்து அந்தக் கொசு இரைச்சலை மூலையில் இருந்த ஆம்புக்குள் அனுப்பினார். ஆம்பின் ஸ்பீக்கர் அந்த 'ங்ஙொய்' சத்தத்தை வடிகட்டிவிட்டு மிச்சத்தை வெளியே விட்டது.

மிச்சம் தம்பி. அவசரமே இல்லாத இருபத்திரண்டு வயது. தொடக்கத்தில் அண்ணன் முப்பது ஸ்வரம் வாரி இறைத்த இடத்தில் தம்பி ஏழு ஸ்வரம் வாசித்திருந்தான். நாலாவதை வரவேண்டிய நேரத்துக்குத் துளி தாமதமாகத் தட்டியிருந்தான். அந்தத் தாமதத்தில் கேட்பவரின் மூச்சு நின்று வந்தது. அண்ணன் பதினோரு தடவை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தை விடச் சந்தோஷம்தான் அதிகம். தவறு எங்கே என்று கண்டுபிடித்தாகிவிட்டது. பெடலிலும் தவறில்லை, தம்பியிடமும் தவறில்லை. வயரைச் சொருகிய இடம் தவறு. ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸருக்குப் போனால் எந்த டிஸ்டார்ஷனும் கொசுவாகத்தான் பறக்கும். இப்போது தன் வாசிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, தம்பி வாசித்ததை வைத்து, அவன் பெயரைப் போட்டு, பாட்டை மறுபடி வெளியிடலாம். தன் வாழ்க்கையில் சம்பாதித்த ஒரே பெயரை விட்டுக்கொடுக்கும் தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது.

ஆம்பில் வந்ததைப் போனில் பதிந்துகொண்டு, மறுநாள் காலை தம்பி எங்கே வேலையில் இருக்கிறான் என்று அவன் மனைவியிடம் விசாரித்துக்கொண்டு போனார். ஒன்பது மாடிக் குடியிருப்பு. லிஃப்டைத்தான் தம்பி கழற்றிப் போட்டிருக்கிறானே, ஒன்பது மாடியும் படி. ஆறாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதும், சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாடிக்கு மேலே சின்ன அறை. நடுவில் மோட்டார், அதைச் சுற்றிக் கம்பிவடம், சுவரில் சுவிட்சுப் பெட்டி, கிரீஸ் வாடை. தம்பி பிரேக்கைக் கழற்றிக் காகிதத்தின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் பதறி எழுந்தான். வாங்க, படியிலயா வந்தீங்க, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே என்றான். கவிழ்த்த வாளி ஒன்றைத் துடைத்து உட்காரப் போட்டான். வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லையே என்று இரண்டு தடவை கேட்டான்.

ஒன்றுமில்லை, இதைக் கேளு என்று அண்ணன் போனையும் ஹெட்போனையும் நீட்டினார்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டான். அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நொடி. முதலில் அவனுக்கு என்னவென்று புரியவில்லை. பிறகு இடது கை விரல்கள் தொடையின் மேல் தாமாக நகர்ந்தன. நாலாவது ஸ்வரத்தில் கண்ணை மூடினான். முடிந்ததும் மறுபடி ஒருமுறை கேட்டான். ஹெட்போனைக் கழற்றி, வயரை நிதானமாகச் சுற்றி, அண்ணனிடம் கொடுத்தான்.

"நான்தான் வாசிச்சேனா?" என்று கேட்டான். குரல் இளகியிருந்தது.

அண்ணனுக்கு உள்ளே பொங்கியது. பல் டாக்டர், கருகிய பலகை, கதவு முட்டு, வயர் சொருகிய இடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். பாட்டை மறுபடி வெளியிடப்போவதாகவும் பெயர் அவனுடையதாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். தப்பு என்னுடையதுடா என்றார். பத்தொன்பது வருடத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பி தலையாட்டிக்கொண்டே கேட்டான். இவ்வளவுக்கும் பிறகு அண்ணன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, அவருக்குத் தன் காதின் மேல் அவ்வளவு பெருமை.

"டாக்டர் ஒரே ஒரு தட்டுத்தான்டா தட்டினாரு. அந்த ஒரு நொடியிலயே எனக்கு விளங்கிடுச்சு. ஆம்ப் இல்லாததுதான் கோளாறுன்னு."

"ஒரு நொடியிலயா?"

"ஒரு நொடி. வேற ஒருத்தனா இருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டான்."

தம்பி கீழே அடுக்கியிருந்த பிரேக் பாகங்களைப் பார்த்தான். ஒரு திருகை எடுத்து, உருட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"அன்னைக்கு ஆம்ப்ல சொருகலாம்னு நான் சொன்னேன்," என்றான். "மூணு தடவ சொன்னேன். ஆம்ப் உன் பக்கத்துலதான் இருந்துச்சு, ஆன்ல இருந்துச்சு. நேரமில்லைன்ன. நான் எழுந்ததும் அதே ஆம்ப்ல சொருகி நீ வாசிச்ச."

அந்தப் பழைய 'நீ' திரும்பி வந்ததை அண்ணன் கவனிக்கவில்லை. தம்பி சொன்னது அவர் நினைவில் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தார்.

"எங்கண்ணனுக்கு அந்த வித்தியாசம் கேட்கலன்னுதான் நெனச்சேன்," என்றான் தம்பி. "பாவம், அவ்வளவுதான் காது, வேணும்னு செய்ய மாட்டான்னு. அம்மா உன்னைத் திட்டினப்பகூட அதைத்தான் சொன்னேன். அப்படி நெனச்சதாலதான் உன் வீட்டு வாசப்படி ஏறி வந்துக்கிட்டிருந்தேன். இப்ப நீயே மாடி ஏறி வந்து ஒரு நொடி போதும்ங்கற."

கீழே எங்கோ ஒருவர் லிஃப்ட் எப்போது வரும் என்று மாடிப்படியில் நின்று கத்தினார். தம்பி எழுந்துபோய் எட்டிப் பார்த்து, இன்னும் அரைமணி ஆகும் என்று பதில் சொல்லிவிட்டு வந்து, அண்ணனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"அன்னைக்குத் தெரியலன்னு சொல்லு," என்றான். "சும்மாவாவது சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணன் எதிர்த்துப் பேசியிருப்பார். தம்பி கெஞ்சினான். தெரியல என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அண்ணன் வாயைத் திறந்தார். அன்று அந்தக் கொசு இரைச்சலுக்குள் நாலாவது ஸ்வரம் தாமதித்து விழுந்தபோது, இது என்னால் ஆகாது என்று தனக்கு வயிறு எரிந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். தம்பி நம்பியும் இருப்பான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை.

தம்பி தலையைக் குனிந்து, பிரேக்கை மாட்டத் தொடங்கினான்.