ராம்ப்புக்கு அடியில்

முல்லை நகர்த் தெருக்களில் நான்கு நாளாகத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. ஆரம்பப் பள்ளியில் கூட்டம் என்றதும் ஜனங்கள் புடவையையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பூங்கொடி, கணவன் வெங்கடேசனோடு, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

நகராட்சிப் பொறியாளர் ஷ்யாமை யாரும் பேசவிடவில்லை. வருஷா வருஷம் மோட்டார் வைத்து இறைப்பதுதான் உங்கள் திட்டமா என்றார் ஒருவர். வரி கேட்க மட்டும் வழி தெரிகிறதா என்றார் இன்னொருவர்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் நரசிம்மன் எழுந்ததும் சத்தம் அடங்கியது. "தெக்கால ரோட்ட வெட்டி வுடுங்க சார். ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும்."

"வடிஞ்சு எங்க போவும்?"

கதவோரம் நின்றிருந்தவள் ஜாக்குலின். தெற்கே பள்ளத்தில் இருக்கும் காலனிக்காரி. தாம்பரத்தில் நர்ஸ் வேலை.

"போன வருஷமும் இப்டித்தான் வெட்டுனீங்க. படுத்த படுக்கையா இருந்த எங்க மாமனாரக் கட்டிலோட தூக்கினு ஓடனோம். இந்த வாட்டி கை வச்சீங்கன்னா, மொத்தக் காலனியும் அந்த ரோட்டு மேலயே குந்திக்கும்."

பூங்கொடிக்கு முகம் சுட்டது. போன வருஷம் ரோட்டை வெட்டியபோது அவளும் குடை பிடித்து நின்று பார்த்தாள். தண்ணீர் இறங்கியதும் நிம்மதியாக வீட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஷ்யாம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாய்க்கால்ல எங்கியோ அடைப்பு இருக்கு. தண்ணி நிக்கிறதால எடம் தெரில. அது தெரிஞ்சா ரோட்ட வெட்டவே வேணாம். யாருக்காவது தெரியுமா?"

சிலர் தரையைப் பார்த்தார்கள். பூங்கொடிக்கும் தெரியும். அவள் எழப் போவதை உணர்ந்த வெங்கடேசன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"நரசிம்மன் சார் காம்ப்ளெக்ஸ் முன்னாடி கார் ஏற ராம்ப் கீது இல்ல, அதுக்கு அடில சிறுபாலம் ஒண்ணு இருந்துச்சு. ராம்ப் போட்டப்ப மண்ணையும் ஜல்லியையும் உள்ள தள்ளி மூடிட்டாங்க. நாங்க வாடகைக்கு வச்சிருக்க ஜெராக்ஸ் கடையும் அங்கதான். நான் கண்ணால பாத்தேன் சார்."

நரசிம்மன் அவளைப் பார்க்கவில்லை. "இன்னா வெங்கடேசா, வூட்டம்மா இன்னமோ சொல்றாங்க?"

வெங்கடேசன் பெஞ்சின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மறுத்துவிட்டால் தன் பேச்சு எடுபடாது என்று பூங்கொடிக்குத் தெரியும்.

"நெஜம்தான் சார்," என்றான், தலை நிமிராமல்.

மறுநாள் காலை ஜேசிபி வந்தது. நரசிம்மன் யார் யாருக்கோ போன் போட்டார். வண்டி ஒரு மணி நேரம் சும்மா நின்றது. காலனிக்காரர்களோடு ஜாக்குலின் வந்து நின்றாள். நகர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே நரசிம்மன் போனைச் சட்டைப் பையில் போட்டார். ராம்ப் உடைந்தது. கறுத்த தண்ணீர் இரைச்சலோடு ஏரி வாய்க்காலில் இறங்கியது. சாயங்காலம் தெருவில் தார் தெரிந்தது.

மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லி அந்த வாரமே நரசிம்மனின் ஆள் வந்தான்.

வெங்கடேசன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேப்பர் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னான்: "நீ எழுந்திருக்கலன்னா நான் கடைசி வரைக்கும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

அது கோபமா, வேறு ஏதாவதா என்று பூங்கொடிக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கக் குனிந்தாள்.