மூன்றாவது சிலிண்டர்

கோபியின் வலது கை காரின் இடப்பக்கக் கதவிடுக்கில் இருந்தது. கதவு இன்னும் மூடப்படவில்லை. பரந்தாமன் அதன்மேல் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் கோபியின் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"இன்னா லோகு, பார்த்து சொல்லு. உன் தம்பி என் தலைல கட்னது வண்டியா, செவப்புப் பெயிண்ட் அடிச்ச தகர டப்பாவா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் பகல் முழுக்க இரும்பு இடிக்கும் சத்தம்தான். பக்கத்து பிரஸ் பட்டறையின் இடிக்குள் எந்த அலறலும் கரைந்துபோகும். பரந்தாமன் ஷட்டரைக்கூட இறக்கவில்லை.

கோபியின் அண்ணன், பட்டறைக்காரன் லோகநாதன் பானட்டைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வண்டி. போன மாதம் கோபிதான் அதைப் பரந்தாமனுக்கு விற்றான். ஞாயிற்றுக்கிழமை வெளிவட்டச் சாலைப் பந்தயத்தில் அது நடுவழியில் இழுவை செத்துத் தவழ்ந்தது. போட்டிக்கு வந்த மாங்காட்டு ஆட்கள் மொத்தமும் பார்த்துச் சிரித்தார்கள். ஓட்டியவன் பரந்தாமனின் மைத்துனன் அஸ்வின்.

"கம்ப்ரஷன் போயிருக்கும்ணே, உள்ள அழுத்தம் நிக்கல. ஏன் போச்சுன்னு பார்க்கணும்," என்றான் லோகநாதன். "ரிங் தேஞ்சிருந்தா வண்டிக்கு வயசாயிடுச்சின்னு அர்த்தம். வால்வு வளைஞ்சிருந்தா, வேகத்துல போறப்போ யாரோ தப்பான கியர்ல தள்ளியிருக்காங்க."

"அப்போ முடிஞ்சிது. ரிங்குன்னா வித்தவன் கை. வால்வுன்னா ஓட்னவன் கை."

"மாமா, காமெடி பண்ணாத மாமா," என்று அஸ்வின் சிரித்தான். பரந்தாமன் சிரிக்கவில்லை.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, முதல் துளையில் அழுத்தம் பார்க்கும் கேஜைத் திருகினான் லோகநாதன். ஓட்டுநர் சீட்டில் அஸ்வின் சாவியைத் திருப்பினான். இன்ஜின் முனகிச் சுழன்றது. கேஜின் முள், இறந்துகொண்டிருக்கும் பூச்சியின் கால்போல் நடுங்கி எழுபதில் நின்றது. இரண்டாவதிலும் எழுபது. மூன்றாவதில் அதுகூட இல்லை. நான்காவதிலும் எழுபதுதான்.

"எவ்ளோ இர்க்கணும்?"

"நூத்தி எழுபது," என்றான் லோகநாதன். பழகிய வாய் சொல்லிவிட்டது.

"நாலும் செத்துருக்கா? அப்போ ரிங்குதான்." பரந்தாமன் இடுப்பால் கதவை இடித்தான்.

கோபியின் அலறலில் பிரஸ் இடி ஒரு கணம் கேட்காமல் போனது. முழங்காலில் சரிந்தவன், வாயில் எச்சில் ஒழுக, வேறெதையோ கத்தினான். "மிதிச்சானா? டேய் அண்ணா, அந்த நாயி மிதிச்சானா?"

அடி மூளைக்கு ஏறிவிட்டது என்று பரந்தாமனின் ஆட்கள் சிரித்தார்கள். லோகநாதனுக்குப் புரிந்தது. இந்தப் பட்டறையில் எப்போதும் கோபிதான் சாவி திருப்புவான். சொல்லாமலே அவன் கால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திவிடும். அழுத்தாவிட்டால் இன்ஜினுக்குள் காற்று போகாது. புது இன்ஜின்கூடச் செத்ததாகவே காட்டும். மிதிக்கச் சொல்லும் பழக்கமே லோகநாதனுக்கு இல்லை.

"தப்பு என்னுதுண்ணே. முழுசா மிதிச்சிகினு அடிக்கணும். சொல்ல மறந்துட்டேன்."

"வெரலு போனப்புறம் ஞாபகம் வருதா ஒனக்கு? செரி, மறுபடி போடு." பரந்தாமன் கோபியின் கையை எடுத்து மீண்டும் இடுக்கிலேயே வைத்தான். இரண்டு விரல்கள் திசை மாறித் தொங்கின.

இம்முறை அஸ்வின் மிதித்தான். முதல், இரண்டாம், நான்காம் சிலிண்டர்களில் முள் துள்ளி நூற்று அறுபதைத் தாண்டியது. மூன்றாவதில் ஐம்பது.

"இப்போ இதுல ஆயில் ஊத்தறேன்," என்றான் லோகநாதன். "தேஞ்ச ரிங்கோட இடுக்க ஆயில் அடைச்சிக்கும். முள்ளு ஏறும். வால்வுன்னா ஏறாது."

மூன்றாவது துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டான். இன்ஜின் சுழன்றது. முள் ஐம்பதுக்கு வந்து, அங்கேயே நின்றது.

"அண்ணே, ஏறிச்சில்ல?" உள்ளிருந்து அஸ்வினின் குரல் கெஞ்சியது. "ஏறிச்சின்னு சொல்லுண்ணே."

வால்வு வளைந்துதான் கெட வேண்டும் என்பதில்லை. ஓடி ஓடி, எரிந்தும் கெடும்; அப்படியானால் அதுவும் வண்டியின் வயசுதான். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால்தான் எது என்று தெரியும். லோகநாதன் தம்பியின் கையைப் பார்த்தான்.

"வால்வுண்ணே. வளைஞ்சி கீது."

பரந்தாமன் டீக் கப்பைக் கசக்கி எறிந்தான். கதவிடுக்கிலிருந்து கோபியின் கையை, குழந்தையின் கையை எடுப்பதுபோல, மெதுவாக எடுத்துவிட்டான். பிறகு காரைச் சுற்றி வலப்பக்கம் வந்தான். அஸ்வின் பதறிச் சாவியைத் திருப்பினான். பிளக் இல்லாத இன்ஜின் மூச்சிரைத்தது; நகரவில்லை. பரந்தாமன் கதவைத் திறந்து அவன் முடியைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, அக்காவ நெனச்சிப் பாரு மாமா! அது எரிஞ்சிகூடப் போயிருக்கும்! ஹெட்டக் கழட்டிப் பாக்கச் சொல்லு! அண்ணே, நீயாவது சொல்லுண்ணே!"

பரந்தாமன் நிறுத்தினான். அஸ்வினின் கை அவன் பிடியில் கதவுச் சட்டத்தின்மேல் இருந்தது.

"கழட்டணுமா லோகு?"

லோகநாதன் தம்பியின் விரல்களில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கோபியும் மெக்கானிக்தான். எரிந்தும் போயிருக்கலாம் என்று அவனுக்கும் தெரியும். அண்ணனின் முகத்தையே பார்த்தபடி, துணி சுற்ற வாகாகக் கையை நீட்டிக்கொடுத்தான்.

"தேவயில்லண்ணே," என்றான் லோகநாதன்.